பாலைவனம் பார்க்க எந்த ஜன்னல்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோவையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பகலில் பறப்பவர்கள் வெயில் படாத பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்று சென்ற மாத இதழில் ஒரு சிறு பதிலில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு நம் நீலகிரியில் தலைக்குந்தாவிலிருந்து பர்லியாறு வரை இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உயரத்திலிருந்து கீழே பார்ப்பது மலைக்காரர்களுக்குப் பழக்கமான காரியம் என்பதாலோ என்னவோ, கேள்விகள் கூர்மையாகவே இருந்தன. ஒரு கடிதம் என்னைத் திருத்தவும் செய்தது. இம்மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகப் பிப்ரவரி மாதம் சார்ஜா செல்கிறேன். கோவையில் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, அங்கே ஏழரை மணிக்கு இறங்கும் விமானம். இதுதான் என் முதல் விமானப் பயணம். ஜன்னல் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டவும் தயார். பாலைவனம் நன்றாகத் தெரிய எந்த எண்ணைக் கேட்க வேண்டும்? – குன்னூர் வாசகி

பதில்: எல்லோரும் எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மணியை; அதன் பிறகு பக்கத்தை; இருக்கை எண் கடைசியில்தான் வரும். இதற்கான காரணம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. எதிர்ச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தை உச்சிப்பொழுதில் பாருங்கள். பச்சைக் கம்பளியை உதறி விரித்துப் போட்டதுபோல் ஒரே பரப்பாகத் தெரியும். அதே சரிவை மாலை ஐந்து மணிக்குப் பார்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் நிழல் விழுந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த இடத்தில் நடைபாதை வளைகிறது என்பதெல்லாம் கோடு கிழித்ததுபோல் தெளிந்துவிடும். மணல்மேடுகளின் கதையும் இதுதான். உச்சி வெயிலில் எவ்வளவு நல்ல இருக்கையில் அமர்ந்தாலும் பாலைவனம் ஒரு மங்கலான பழுப்புத் தாளாகவே இருக்கும். உங்களுக்குக் கிடைத்திருப்பதோ சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தரையிறங்கும் விமானம். பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பாதி வேலையை முடித்துவிட்டார்.

இனிப் பக்கம். சார்ஜா கோவைக்கு வடமேற்கில் இருக்கிறது. பயணம் சுமார் நான்கு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இருட்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெளியேறியதும் பெரும்பகுதி நேரம் அரபிக் கடல்தான். அதைத் தூங்கியே கழித்துவிடலாம். கடைசி நாற்பது நிமிடங்கள்தான் உங்களுடையவை. ஓமன் நாட்டுக் கரையை நெருங்கும்போது, இடப்பக்க ஜன்னலில், கரைக்கு இணையாக ஹஜர் மலைத்தொடர் நீளும். அதன் உயர்ந்த சிகரமான ஜபல் ஷம்ஸ் ஏறத்தாழ 3,000 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடவும் உயரம். ஆனால் அதன் மேல் ஒரு புல்கூட இருப்பதாகத் தோன்றாது. கடலுக்கு அடியில் கிடந்த தரை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தின் மேல் தள்ளப்பட்டு உருவான கரும்பழுப்புப் பாறைகள் அங்கே பரந்து கிடக்கின்றன. பிப்ரவரியில் அந்த நேரத்துக்குச் சூரியன் ஏறக்குறைய விமானத்தின் வாலுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே கண்ணும் கூசாது, ஒவ்வொரு முகட்டின் நிழலும் முன்னோக்கி நீண்டு விழுந்திருக்கும். வலப்பக்கம் அமர்ந்தவர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையைத் தாண்டியதும் சரளைக்கல் சமவெளி, அதன்பின் செம்மணல் மேடுகள், அதன்பின் நகரம். வான்வழி நாளுக்கு நாள் சற்று மாறக்கூடியது என்றாலும், இடப்பக்கம் கேட்பதுதான் சரி.

மூன்று மூன்றாக இருக்கைகள் உள்ள விமானத்தில், மூக்கு இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் இடக்கைப் பக்க ஜன்னல் ‘ஏ’. வலக்கைப் பக்கம் ‘எஃப்’. உங்களுக்கு வேண்டியது ‘ஏ’. ஏர்பஸ் 320 ரக விமானத்தில் ஏறத்தாழ ஒன்பதாம் வரிசை முதல் இருபதாம் வரிசை வரை இறக்கை கீழே மறைக்கும். முன்வரிசைகளுக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கும். அதில் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இருபத்தைந்துக்குப் பிந்தைய ஒரு வரிசையைக் கேளுங்கள். அங்கிருந்து பார்க்கும்போது என்ஜின் விடும் வெப்பக்காற்று ஒரு பகுதியை மட்டும் நெளிய வைக்கும். முன்னால் பார்க்காமல் நேர் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் பார்த்தால் அந்தத் தொல்லை குறையும்.

முதல் பயணம் என்று எழுதியதால் ஒரு வார்த்தை. காது அடைக்குமே என்று பயப்பட வேண்டாம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே வைத்திருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு உரியது. அதாவது குன்னூரிலிருந்து உதகைக்குச் சற்று மேலே வரை. மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறும்போது வழக்கமாக அடைக்கிற காதுதான்; இங்கே அது இருபது நிமிடத்தில் நடந்துவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: ‘வெயில் படாத பக்கம்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நான் அப்படியே அமர்ந்து மாலை நேரத்தில் பறந்தேன். மணல் எல்லாம் தட்டையாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் அமர்ந்த என் மைத்துனர்தான் மேடு மேடாகப் பார்த்ததாகச் சொன்னார். உங்கள் ஆலோசனை தவறல்லவா? – அருவங்காடு வாசகர்

பதில்: பாதி தவறு, ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது நண்பகலை ஒட்டிய பயணத்துக்குப் பொருந்தும். அப்போது குளிர்காலத்தில் சூரியன் தென்புறம் இருப்பதால், மேற்கு நோக்கிப் பறப்பவருக்கு வலப்பக்கம் கண் கூசாமலும் நிறங்கள் தெளிவாகவும் இருக்கும். கோடையில் வளைகுடாவின் மேல் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் கணக்கு மாறுகிறது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பார்க்கும்போது ஒவ்வொரு மேட்டின் நிழலும் அந்த மேட்டுக்கே பின்னால் ஒளிந்துவிடுகிறது. நமக்குத் தெரிவது ஒளி பட்ட முகம் மட்டும். நீங்கள் பார்த்த தட்டை அதுதான். உங்கள் மைத்துனருக்கு நிழல்கள் அவரை நோக்கி நீண்டு வந்திருக்கின்றன. ஆனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், நிறம் என்ன என்றால் அவரால் சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பக்க ஜன்னலின் கீறல்கள் எல்லாம் வெயிலில் பற்றி எரிவதுபோல் மின்னும். சூரியன் மூக்குப் பக்கமோ வால் பக்கமோ இருந்து, வெளிச்சம் ஒரு தோளின் வழியாக வருமானால் அதுவே மிகச் சிறந்தது. அப்படி வாய்க்காதபோது, வடிவம் வேண்டுமானால் வெயில் பக்கம், நிறம் வேண்டுமானால் நிழல் பக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன்.

கேள்வி: மணலைப் பார்ப்பதற்கா இத்தனை ஆராய்ச்சி? ஒரு நிமிடம் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். பத்து நிமிடம் பார்க்க அதில் என்ன இருக்கிறது? – மஞ்சூர் வாசகர்

பதில்: நம் மலையைச் சமவெளிக்காரர் ஒருவர் ‘எல்லாம் ஒரே பச்சை’ என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுவே எனக்கும் தோன்றுகிறது. தேயிலைப் பச்சை வேறு, சோலைக்காட்டுப் பச்சை வேறு, கற்பூர மரத்தின் சாம்பல் பச்சை வேறு என்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில், பாலைவனத்தில் மணல் குறைவு. பெரும்பகுதி கல்லும் சரளையும் வெறும் பாறையும்தான். மணல் குவிந்து கிடக்கும் இடங்களில் பெரியது அரேபியத் தீபகற்பத்தின் தெற்கே இருக்கும் ரூப் அல் காலி. சவூதி அரேபியா, ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகிய நான்கு நாடுகளில் சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. அங்குள்ள மணல்மேடுகளில் சில 250 மீட்டர் உயரம் எழும்புகின்றன. நிறமும் ஒன்றல்ல. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணல் துகளின் மேல் இரும்புத் துரு படலமாகப் படியும்போது மணல் சிவக்கிறது. கடற்கரையை ஒட்டிய மணல் பொதுவாக வெளுத்தும், உள்நாட்டு மணல் சிவந்தும் இருப்பதை விமானத்திலிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். வெள்ளை எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது வடிவம். மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் மெதுவாக ஏறும் சரிவாக இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுவதால் செங்குத்தாக, ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் நிற்கும். அதற்கு மேல் மணல் நிற்காது, வழிந்துவிடும். விடியற்காலையில் இந்தச் சரிவு முகம் நிழலில் இருந்தால், மேட்டின் முகடு அரிவாள் முனையைப் போல் தெரியும். மணல் குறைவாகவும் காற்று ஒரே திசையிலிருந்தும் வீசும் இடத்தில் மேடு பிறைநிலா வடிவம் எடுக்கிறது. பிறையின் இரண்டு கொம்புகளும் காற்று போகிற திசையைக் காட்டும். பல திசைகளிலிருந்து காற்று மாறி மாறி வீசும் இடத்தில் கைகால்களை விரித்துக் கிடக்கும் நட்சத்திர மேடுகள் உருவாகின்றன. ஆகவே மேலிருந்து பார்ப்பவருக்கு, அந்த ஊரில் காற்று எப்படி அடிக்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

மணல் மேடுகளுக்கு நடுவே சாம்பல் வெள்ளையாக, எச்சில் தட்டில் காய்ந்த மோர்போல் ஒரு தளம் தெரிந்தால் அது உப்புத்தரை; அரபியில் சப்கா என்பார்கள். நரம்புபோல் கிளை பிரிந்து ஓடும் வெளிறிய கோடுகள் வாடி எனப்படும் வறண்ட ஆறுகள். ஆண்டில் சில நாள் மட்டும் தண்ணீர் ஓடினாலும் மழையின் கையெழுத்து பாறையில் அப்படியே நிற்கிறது. வளைகுடாவைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் சவூதியின் வடபகுதியைக் கடக்க நேர்ந்தால், பழுப்பு நிலத்தில் காசு அடுக்கியதுபோல் பச்சை வட்டங்களைக் காணலாம். நடுவில் ஒரு ஆழ்துளைக் கிணறு, அதைச் சுற்றி வரும் நீண்ட தெளிப்புக் குழாய்; அந்தக் குழாய் சுற்றிய அளவுக்குப் பயிர். பெரிய வட்டங்கள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறுக்களவு இருக்கும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் இறங்கிய, திரும்ப ஊறாத தண்ணீர் அது. சில வட்டங்கள் ஏற்கெனவே வெளுத்துப் போயிருப்பதையும் கவனிக்கலாம்.

பத்து நிமிடம் போதுமா?

கேள்வி: கூடுதல் பணம் கட்டி ஜன்னல் இருக்கை வாங்கினேன். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் வெறும் சுவர். இப்படியும் நடக்குமா? – உதகைக் கல்லூரி மாணவர்

பதில்: நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, மேகமே இல்லாத ஒரு டிசம்பர்க் காலையில் துபாயிலிருந்து திரும்புகையில், ஜன்னல் என்று குறித்துத் தந்த இருக்கையில் போய் அமர்ந்தேன். முன் இருக்கைக்காரருடைய ஜன்னலின் பின் ஓரம் ஒரு விரல் அகலம் தெரிந்தது; எனக்கு வாய்த்தது வெளிர் சாம்பல் நிறச் சுவரும் அதில் யாரோ ஒட்டிவைத்திருந்த சூயிங்கம்மும். கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி, ஹஜர் மலையை அந்த விரலிடுக்கில் பார்த்தேன். விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, விமானத்தின் ஓரத்தில் இருக்கும் இருக்கைதான் ஜன்னல் இருக்கை என்று விளக்கம் வந்தது. நான்கு மணி நேரம் சுவரைப் பார்த்தவனுக்கு அந்த விளக்கமும் ஒரு சுவர்தான்.

காரணம் இரண்டு உண்டு. போயிங் 737 ரக விமானங்களில், வயிற்றுப் பகுதியில் இருக்கும் குளிரூட்டும் கருவியிலிருந்து கூரைக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய், இடப்பக்கத்தில் இறக்கைக்குச் சற்று முன்னால் சுவருக்குள் ஏறுகிறது. அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. பத்தாம் வரிசை, பதினோராம் வரிசை வாக்கில் அது வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும். இரண்டாவது காரணம் எல்லா விமானங்களுக்கும் பொது. ஜன்னல்கள் விமானத்தின் விலாச் சட்டங்களுக்கு இடையில், ஏறத்தாழ 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அமைகின்றன. இருக்கைகளோ 70, 75 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போடப்படுகின்றன. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால் ஒருவருக்கு இரண்டு ஜன்னல்கள் கிடைக்க, அடுத்தவருக்கு ஒரு ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடுகிறது. இருக்கைகளின் வரைபடத்தைக் காட்டும் இணையதளங்களில் விமானத்தின் ரகத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். புறப்படும் நாளில் விமானத்தையே மாற்றிவிட்டால் நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: குடும்பத்துடன் ஜெய்சல்மேர் போகிறோம். வெளிநாடு போகாமலே பாலைவனத்தை விமானத்திலிருந்து பார்க்க முடியுமா? தில்லி வழியாகப் போவது நல்லதா, மும்பை வழியாகவா? – கூடலூர் வாசகர்

பதில்: தாராளமாக முடியும். தார் பாலைவனத்தின் பெரும்பகுதி நம் நாட்டில்தான் இருக்கிறது. தில்லியிலிருந்து போனால் விமானம் மேற்கு தென்மேற்காகப் பறக்கும். வலப்பக்கத்தைக் கேளுங்கள், வெயில் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும் என்பதோடு, பிகானேரும் அதற்கு அப்பாலுள்ள மணல்வெளியும் வலப்பக்கம்தான். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தொடங்கி ஜெய்சல்மேர் மாவட்டம் வரை வரும் இந்திரா காந்தி கால்வாயும் அந்தப் பக்கமே. கால்வாய் தெரியாவிட்டாலும் அதன் பாசனம் தெரியும். பழுப்பின் நடுவே கத்தரித்து ஒட்டியதுபோல் சதுரம் சதுரமாகப் பச்சை. மும்பையிலிருந்து போனால் விமானம் வடக்கு நோக்கிப் பறக்கும். இடப்பக்கம் அமர்ந்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் கட்ச் ரண்ணின் உப்பு வெண்மையைக் காணலாம். மழைக்காலத்தில் நீர் நிற்கும் அந்த நிலம் காய்ந்து வெளுப்பது குளிர்காலத்தில்தான். மணலுக்குத் தில்லி, உப்புக்கு மும்பை. என்னைக் கேட்டால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நலம். செப்டம்பரில் போனால் மழை முடிந்த பசுமையில் தார் பாலைவனம் தன் பெயருக்கே துரோகம் செய்யும். ஏப்ரலுக்குப் பின் புழுதிக்காற்று. இன்னொன்று: ஜெய்சல்மேர் விமானப்படையின் ஓடுபாதையைப் பயன்படுத்தும் நிலையம். இத்தகைய நிலையங்களில் படம் எடுக்கக் கூடாது. மேற்கு எல்லையை ஒட்டிய விமானப்படை நிலையங்களில் பத்தாயிரம் அடிக்குக் கீழே ஜன்னல் திரையை மூடிவைக்க வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உத்தரவும் வந்தது. பணியாளர் மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லடாக்கைக் குளிர்ப் பாலைவனம் என்கிறார்கள். தில்லி–லே விமானத்தில் எந்தப் பக்கம்? – வெலிங்டன் வாசகர்

பதில்: போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். பிற்பகலில் லே பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசுவதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே போய்வந்துவிடும். காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து வருவதால் இடப்பக்கச் சிகரங்கள் முழு வெளிச்சத்தில் இருக்கும். 7,135 மீட்டர் உயரமுள்ள நுன் சிகரமும் அதன் இணையான குன்னும் தெளிந்த நாளில் தெரிவது அந்தப் பக்கம்தான்.

கூடலூர், தேவாலாப் பக்கம் மழை கொட்டித் தீர்க்க, மலைக்கு இந்தப் பக்கம் மசினகுடி காய்ந்து கிடப்பதை நாம் பார்க்கிறோம். அதே மழை மறைவு இமயமலை அளவுக்குப் பெரிதானால் லடாக். லேயின் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். புறப்பட்டு அரை மணி நேரத்துக்குள் கீழே பச்சைச் சரிவுகள், பிறகு பனிமுகடுகள், பனியாறுகள்; அவற்றைக் கடந்த உடனே நிறம் மாறி, காவியும் ஊதாவும் கலந்த வெற்று மலைகள் தொடங்கிவிடும். அந்த மாற்றம் நடக்கும் சில நிமிடங்களில் சிற்றுண்டி வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதுவும் பாதுகாப்புத் துறை நிலையமே. படம் எடுப்பதற்கான விதி இங்கேயும் உண்டு.

கேள்வி: ஜன்னல் வழியாக எடுக்கும் படங்களில் என் முகம்தான் விழுகிறது. என்ன செய்வது? – கோத்தகிரி வாசகி

பதில்: நம் ஊர்க் குளிருக்குப் போர்த்தும் கறுப்புச் சால்வையைக் கையோடு கொண்டுபோங்கள். தலையையும் கேமராவையும் ஜன்னலையும் சேர்த்து மூடிக்கொண்டால் உள் வெளிச்சம் பிரதிபலிக்காது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்; பரவாயில்லை. கேமராவை ஜன்னலில் அழுத்தி வைக்காமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறும். ஒளியை முனைவுபடுத்தும் வடிகட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; ஜன்னல் அக்ரிலிக்கால் ஆனதால் படத்தில் வானவில் திட்டுகள் விழும். ஜன்னலின் அடிப்பக்கம் இருக்கும் சிறு துளையைச் சுற்றிச் சில நேரம் பனித்துகள் பூத்திருக்கும்; அதைக் கையால் துடைக்க முயல வேண்டாம், அது நடுத் தகட்டில் இருக்கிறது. காலையில் எடுத்த பத்துப் படங்கள் நண்பகலில் எடுத்த நூற்றுக்கு மேல்.

கேள்வி: மகன் சிட்னியில் இருக்கிறான். சிங்கப்பூர் வழியாகப் பகல் விமானத்தில் செல்கிறோம். வழியில் பாலைவனம் வருமா? – கேத்தி வாசகர்

பதில்: மணிக்கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சிம்ப்சன் பாலைவனத்தின் செம்மணல் மேடுகள் உழுத சால்போல் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில 200 கிலோமீட்டர் வரை அறாமல் நீள்கின்றன. நம் ஊர்க் கணக்கை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். தென்னரைக் கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும்; தென்கிழக்காகப் பறக்கும் உங்களுக்கு வெயில் இடப்பக்கம் அடிக்கும். ஆகவே வலப்பக்கம் கேளுங்கள். பெரிய விமானத்தில் வலப்பக்க ஜன்னலுக்குப் பெரும்பாலும் ‘கே’ என்ற எழுத்து இருக்கும். போயிங் 787 என்றால் அதில் திரையே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இருளும். எல்லாரும் தூங்கட்டும் என்று பணியாளர்கள் மொத்த ஜன்னல்களையும் ஒரே இடத்திலிருந்து இருளச் செய்துவிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால், உங்கள் ஒரு ஜன்னலை மட்டும் சிறிது வெளிச்சமாக்க முடியுமா என்று தணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அபுதாபியிலிருந்து கோவைக்குத் திரும்பும் விமானம் இரவில். ஜன்னல் இருக்கை வாங்குவது வீண் செலவுதானே? – கீழ்க்கோத்தகிரி வாசகர்

பதில்: பகலில் திரும்புவதாக இருந்தால் வலப்பக்கம் என்று சொல்லியிருப்பேன், போகும்போது இடப்பக்கம் இருந்த மலையும் மணலும் வரும்போது வலப்பக்கத்துக்கு மாறிவிடும். இரவில் அந்தக் கணக்கு வேண்டாம். நகரத்தை விட்டு எழும்பியதும் விளக்குக் கம்பங்கள் போட்ட நெடுஞ்சாலை ஒன்று இருளுக்குள் நேர்கோடாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் உள்ள கறுப்புதான் பாலைவனம். முழுநிலவை ஒட்டிய நாளாக இருந்தால் வெளிர்மணல் லேசாக வெளுத்துத் தெரியும். அதற்காகத் தனியாகப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் வெப் செக்-இன்னில் இலவசமாகக் கிடைத்தால் இந்த முறை இடப்பக்க ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளக் கரைக்கு அப்பால் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குள் விமானம் தாழ்ந்து வரும்போது, மஞ்சு இல்லாத இரவானால் நீலகிரி அந்தப் பக்கம்தான் நிற்கும். மேலே தனியாகத் தெரியும் விளக்குக் கொத்துகளில் எது குன்னூர், எது கோத்தகிரி என்று உங்களுக்கே பிடிபடும்.